குறிப்பெடுப்பவள்

"ஓடெல்லா, உங்கள் கையெழுத்துதான் அழகு"
என்று கூட்டக் குறிப்பை என் பக்கம் தள்ளினார்
துறைத்தலைவர் கால்டர்.
ஆறு வருடமாய் அது ஒரே திசையில்தான் நகர்கிறது,
மேசைக்கு ஏதோ சாய்வு இருப்பதுபோல.
எல்லாவற்றையும் மடிக்கணினியில்தான் அடிக்கிறேன்.
என் கையெழுத்தை அவர் பார்த்ததே இல்லை.

பிப்ரவரி. ஹாலிஃபாக்ஸ் துறைமுகம்
மூடுபனிக்குள் போய் ஒரு வாரமாகிறது.
சுவரில் முன்னாள் தலைவர்கள்,
சட்டமிட்ட தாடிகள்.

என் வேலை ஓதம் அளப்பது.
ஃபண்டி விரிகுடாவில்
ஆறு மணி நேரம் ஏறி, ஆறு மணி நேரம் இறங்கும் நீருக்கு
முழங்கால் சேற்றில் நின்று அளவுகோல் நட்டவள்.
அளவுகோலுக்குக் கோபம் வராது.
நீர் எதுவரை வந்ததோ அதுவரை ஈரம்,
அவ்வளவுதான் அதன் சாட்சியம்.

யார்க்‌ஷரிலிருந்து வந்து மூன்று வாரமான புதியவர்
காப்பி கலக்கியபடி கேட்டார்:
"நீங்கள் எந்த ஊர்?"
நார்த் பிரெஸ்டன். இங்கிருந்து இருபது கிலோமீட்டர்.
"இல்லை, அதற்கு முன்னால்?"
அதற்கு முன்னால் இருநூறு வருடம்
அதே இருபது கிலோமீட்டர்.

பல்கலைக்கழகக் கையேட்டின் அட்டையில்
பல் தெரியச் சிரிக்கிறேன்.
நிரந்தரப் பணிக்கான என் கோப்பில்
மாணவர் கருத்தென்று ஒரே ஒரு வரி அடிக்கோடிட்டிருக்கிறது:
'இவர் சிரிப்பதில்லை.'
இன்னும் ஒரு வருடம் பார்க்கலாம் என்றார்கள்.
போன வருடமும் பார்த்தார்கள்.

அன்றைக்குத்தான் அது தோன்றியது.
திட்டமிட்டதில்லை, விரல்கள் பழக்கத்தில் அடித்தன.

2:14. பனி உடையும் முன் உணர்கருவிகளை
ஆற்றுவாய்க்கு மாற்ற வேண்டும் என்றார் ஓடெல்லா.
மறுமொழி இல்லை. ஒருவர் சர்க்கரை கேட்டார்.

2:31. பனி உடையும் முன் உணர்கருவிகளை
ஆற்றுவாய்க்கு மாற்ற வேண்டும் என்றார் ஹ்யூ மக்கின்னிஸ்.
"அருமை, ஹ்யூ." எட்டுத் தலைகள் அசைந்தன.

செவிடர் காதில் ஊதிய சங்கு அல்ல இது.
இந்த அறையில் எல்லாருக்கும் கூர்மையான காது.
தாழ்வாரத்தில் காப்பி இயந்திரம் முனகினால் போதும்,
பதின்மூன்று பேரும் திரும்புவார்கள்.

2:40. பன்முகத்தன்மைக் குழுவுக்கு ஆள் வேண்டும் என்றார் கால்டர்.
எல்லாரும் ஓடெல்லாவைப் பார்த்தார்கள்.
அது அவருடைய ஏழாவது குழு.

ஒரு பெயரடைகூடச் சேர்க்கவில்லை.
அனுப்பினேன். அன்றிரவு தூக்கமில்லை.
மின்னஞ்சல் பெட்டியைத் திறக்கப் பயம்,
திறக்காமலிருக்க அதைவிடப் பயம்.
ஒன்றும் வரவில்லை. மறுநாளும் ஒன்றுமில்லை.

மார்ச் கூட்டம்.
"கடந்த கூட்டக் குறிப்பில் ஆட்சேபம் உண்டா?"
இல்லை.
முன்மொழிந்தது ஹ்யூ மக்கின்னிஸ்.
வழிமொழிந்தது யார்க்‌ஷர்க்காரர்.
ஏகமனதாக ஏற்கப்பட்டது.
துறைமுத்திரை விழுந்தது அதன்மேல்.
எனக்குச் சிரிப்பு வந்தது,
அட்டைப்படத்துக்குப் பிறகு முதல் தடவையாக.

பழைய கோப்புகளைக் காக்கும் ரோவேனா பால்,
மிக்மாக் பெண், யாரோடும் அதிகம் பேசாதவர்,
துளையிட்டு அடுக்கும் முன் ஒரு பக்கத்தில் நிதானித்தார்.
பின்னால் போய்ப் பார்த்தேன்:
2:14க்கு நேரே பென்சிலில் ஒரு சிறிய சரிக்குறி.
அதற்குக் கீழே அவர் கையெழுத்தில்:
'ஊழியர் கூட்டத்திலும்.'

உணர்கருவிகளை ஆற்றுவாய்க்கு மாற்றினார்கள்.
ஹ்யூவின் பெயரில் நிதி வந்தது.
சேற்றில் இறங்க மட்டும் நான்.

ரப்பர் காலணிகளைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினேன்.
ஆறு வருடமாய் என்னைப் பார்க்கும் காவலர்
வாசலில் கைநீட்டினார்:
"அடையாள அட்டை?"

கடிகாரத்தைப் பார்த்தேன்.
3:52.