மட்டம்

கம்பெனி அனுப்பிய சர்வேயர்
செருப்பைக் கழற்றவில்லை.
பதினோரு நிமிஷம்.
நான் டீ போட்டு எடுத்து வருவதற்குள்
"ஊறல்" என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.
பாலிசியில் வெள்ளத்துக்குப் பணம் உண்டு,
ஊறலுக்குக் கிடையாது.

ஏற்காட்டில் ராத்திரி முழுக்கக் கொட்டியது
விடிகாலையில் திருமணிமுத்தாறு வழியே
நாராயண நகர் சந்துக்குள் புகுந்து
என் அரிசி டிரம்மைத் தூக்கிக்கொண்டு
கூடத்தில் சுற்றிச் சுற்றி வந்ததே,
அது ஊறலா?

பத்து சதவீதத்துக்குப் பேசி
சென்றாயனைக் கூட்டிவந்தேன்.
"இருபத்தாறு வருஷம் அந்தப் பக்கம் உக்காந்து
வெட்டினேம்மா.
எங்க வெட்டுவாங்கன்னு தெரியும்."
செருப்பை வாசலில் விட்டார்.

பீரோ தேக்கு என்றேன்.
விரலால் இரண்டே தட்டு.
"ப்ளைவுட்" என்று அடித்தார்.
மெத்தை எப்ப வாங்கினது?
மகள் கல்யாணத்துக்கு.
கல்யாணம் எப்ப?
ஒன்பது வருஷம் என்றதும்
தேய்மானம் என்று ஒரு வரி எழுதினார்,
மெத்தையில் பாதிக்குமேல் காணோம்.
நான் காசு கொடுத்து வைத்த ஆள்
என்னையே வெட்டிக்கொண்டிருந்தார்.

"சுவரைத் துடைச்சீங்களா?"
வாசல் பக்கத்துச் சுவர் ஒன்றை மட்டும்.
சம்பந்தி வீட்டில் பார்க்க வருகிறோம் என்றார்கள்,
வெட்கமாக இருந்தது.
சூள் கொட்டினார்.

பிறகு பையிலிருந்து
கொத்தனார் மட்டம் பார்க்கிற குழாயை எடுத்து
தண்ணீர் ஊற்றினார்.
ஒரு முனை என் கையில்,
பிரிட்ஜ் கதவில் சேற்றுக் கோட்டோடு ஒட்டி.
மறுமுனையைப் பிடித்துக்கொண்டு
சமையல்கட்டு, பூஜை அலமாரி,
பாத்ரூம் கதவு என்று போனார்.
எங்கே வைத்தாலும்
குழாய்த் தண்ணீர் கோட்டில் வந்து நின்றது.
"ஊறல்னா ஏறும், இறங்கும், மேப் போடும்.
வெள்ளம்தான் இப்படி ஒரே மட்டமா நிக்கும்.
போட்டோ எடுங்க, குழாய் தெரியணும்."

ஏழு வாரம், மூன்று கடிதம்.
இரண்டாவதாக ஒரு சர்வேயர் வந்தார்.
குழாயின் ஒரு முனையை
அவரையே பிடிக்கச் சொன்னார் சென்றாயன்.

வந்தது ஒரு லட்சத்து அறுபத்திரண்டாயிரம்.
பதினாறாயிரத்து இருநூறை
எச்சில் தொட்டு எண்ணி
ரசீது எழுதிக் கொடுத்தார்.
துடைத்த சுவருக்கு ஒரு பைசா வரவில்லை.

நேற்று பெயிண்டர் வந்தான்.
எல்லாம் அடிச்சிடு என்றேன்,
பிரிட்ஜுக்குப் பின்னால் மட்டும்
ஒரு முழம் விட்டுடு.