பன்னிரண்டாம் எண் கொக்கி

தக்கலை காஜா மைதீன் கோழிக்கடையில்
சேவலின் கழுத்துத் தோலை மட்டும் கேட்டேன்.
"சூப்புக்கா அக்கா?"
இறகோடு வேண்டும் என்றதும்
தராசை ஒருமுறை பார்த்துவிட்டு
காசு வாங்காமல் பொட்டலம் கட்டினார்.

உப்பும் படிகாரமும் தடவி
நிழலில் காயப்போட்டு
நாலு நாள் பூனைக்குக் காவல்.

குலசேகரத்தில் என் தையல்கடை.
பகலெல்லாம் ஊரார் முதுகுக்குக்
கொக்கி வைக்கிற கை
ராத்திரி ஒன்பதுக்கு மேல்
பன்னிரண்டாம் எண் தூண்டில் கொக்கியை
மேசைப் பிடியில் முடுக்கி
ஓர் ஈயைச் செய்ய உட்காரும்.
செம்பழுப்பு இறகு மூன்று சுற்று.
உடம்புக்கு
ரெஜினாளின் கல்யாண பிளவுசில் மிஞ்சிய ஜரிகை.
வாலுக்கு என் சீப்பில் வந்த இரண்டு முடி,
அதில் ஒன்று நரை.
கடைசி முடிச்சில் நகப்பூச்சு ஒரு சொட்டு.
இது ஈசலா கொசுவா மலை ஈயா
என்று கேட்டால் எனக்குத் தெரியாது.
கெண்டைக்குத் தெரிந்தால் போதும்.

கம்பு கோயம்புத்தூரிலிருந்து
கூரியரில் வந்தது, நாலு துண்டாக.
இப்போது ஐந்து.
பேச்சிப்பாறை பஸ்ஸின் கதவு
மூன்றாம் துண்டின்மேல் சாத்திக்கொண்டது.
உள்ளே குடைக்கம்பி செருகி
வெளியே நைலான் நூல் நெருக்கி வரிந்திருக்கிறேன்.
வீசும்போது அந்த இடம் மட்டும்
கொஞ்சம் யோசித்து வளைகிறது.

ஞாயிறு, முதல் பூசை முடிந்து,
திற்பரப்பில் குளிக்க வந்த வேன்களைத் தாண்டி
மேலே நடந்தால்
ரப்பர் விளை முடிகிற இடத்தில்
கோதையாறு சத்தத்தைக் குறைத்துக்கொள்கிறது.
சுடிதாரை முட்டுவரை மடக்கி
வெள்ளத்தில் இறங்கினேன்.
கரையில் என் கொழுந்தன் பிபின்
போனைக் கிடையாகப் பிடித்தபடி,
"வெட்டம் நல்லாயிருக்கு, வீசுங்க மைனி."

நூல் பின்னால் போகிறது.
நீண்டு முடியட்டும் என்று பொறுக்கவேண்டும்.
பின்னால் ரப்பர் மரங்கள்.
இதுவரை மூன்று ஈ அவற்றுக்குக் கொடுத்தாயிற்று,
ஒன்று நேராகப் பால் சிரட்டைக்குள்.
அதை எடுத்துக் கொடுத்த தங்கையன்
விரலில் ஒட்டிய ஜரிகையைப் பார்த்துச் சொன்னார்:
"மண்புழு போட்டா கொழம்புக்காவது ஆகும்லா."
"ஆகும்" என்றேன்.
மறுபடி வீசினேன்.

இரண்டு மணி நேரம்.
ஒன்றும் இல்லை.
பாதத்தை அயிரைகள் கடித்ததைக்
கணக்கில் சேர்க்கக் கூடாது.

"மீனே இல்லாத வீடியோவ ஆரு பாப்பா,
அழிச்சிரட்டா?"
"இரு" என்று வாங்கி
தையல் மெஷின்மேல் போனைச் சாய்த்து
வேகத்தைக் காலாகக் குறைத்து ஓட்டினேன்.
என் கை பெரிய பறவையின் சோம்பலோடு மேலே போகிறது.
ஈ இறங்குகிறது. மிதக்கிறது.
நாலாம் நிமிடம், பாறை நிழலிலிருந்து
அது வருகிறது.
முழங்கை நீளம். பழுப்பு முதுகு.
விலாவில் வெயில் பட்ட ஒரு செதில் வரிசை.
ஈக்கு அரைச்சாண் கீழே மூக்கை வைத்து
ஈ போகிற வேகத்திலேயே
பின்வாக்கில் மிதந்து வருகிறது,
வாங்கலாமா என்று பார்க்கிறவளைப் போல.

அங்கே நூல் இழுக்கிறது.
ஈயைச் சுற்றி நீரில்
நூல் இறுகிய தையல் மாதிரி
ஒரு சின்னச் சுருக்கம்.

திரும்பிவிட்டது.

அந்த நேரம் நான், பிபினைப் பார்த்து,
சார்ஜ் இருக்கா என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.
வீடியோவில் தெளிவாகக் கேட்கிறது.

ஏழு தடவை பார்த்தேன்.
ஏழு தடவையும் சரியான இடத்தில்தான் திரும்பியது.
அந்தச் சுருக்கத்தோடு ஒரு பிளவுசை
யாராவது என்னிடம் நீட்டியிருந்தால்
நானும் வாங்கியிருக்க மாட்டேன்.

செவ்வாய்க்கிழமை அணை திறந்தார்கள்.
ஆறு சாயா நிறத்தில் ஓடுவதாகத்
தங்கையன் வந்து சொன்னார்.
தெளிய இரண்டு வாரம் ஆகும்.
ஆகட்டும்.
சேவல் கழுத்தில்
இன்னும் பாதி இறகு இருக்கிறது.