ஓரெழுத்து

குப்பம் ஆஸ்பத்திரி, மூன்றாவது கட்டில்.
தக்காளி மண்டியில் கிரேடு முந்நூறு என்பதை
நாலு பாஷையில் கூவிய வாய்
ஒரு பக்கமாய்க் கோணி
ஒரே ஓர் எழுத்தை மிச்சம் வைத்திருக்கிறது:
நா.

காலையில் டாக்டர் வந்தார், வேலூர்க்காரர்.
நா என்றதும் டார்ச்சை எடுத்தார்.
நீட்டச் சொன்னார். நீட்டினார்.
வெள்ளை படிந்திருக்கிறது, மற்றபடி நாவில் குறையில்லை
என்று எழுதிவிட்டுப் போனார்.

பங்காருபேட்டையிலிருந்து ரயிலேறி வரும் நர்ஸ் சைலஜாவுக்கு
அது 'நான்'.
அவசரத்தில் எங்கள் பக்கமும் அப்படித்தான் தேயும்.
"தன்னைத் தெரியுது, ஒள்ளேது" என்று
தலையணையைத் தட்டி வைத்தாள்.

வார்டு துடைக்கிற பிர்சா, ராஞ்சிப் பக்கத்துப் பையன்,
தண்ணீர் டம்ளரை வாயருகே கொண்டுபோனான்.
நா என்றார்.
வேண்டாமாம் என்று ஜன்னலில் வைத்தான்.
மூன்று தரம் இப்படி.
உதடு வெடித்திருப்பதை
சாயங்காலம்தான் பார்த்தேன்.

கொழுந்தன் முனிரத்தினம் பத்திரத்தோடு வந்தான்.
ஏரிக்கரை மேட்டு நிலம் எவரிதி அண்ணா என்று
காதில் குனிந்தான்.
நா.
முகம் சுண்டி நிமிர்ந்தான்.
"என்னுதுன்றாரு வதினா. இந்த நெலமையிலும்."

பத்து மணிக்கு மேல் எல்லாரும் போனபின்
நானும் அவரும் நாவும்.
ஒவ்வொன்றாய்க் கேட்டேன்.
நாயா? பக்கத்து வீட்டில் சோறு வைக்கிறார்கள்.
நாலாம் நம்பர் கடைப் பாக்கியா?
நாற்றமா, துணி மாற்றட்டுமா?
நாளைக்கா? நாளைக்கு என்ன?
எல்லாவற்றுக்கும் அதே பதில்,
விலை இறங்காத நாளில் மண்டியில் நிற்பதுபோல.

என் பேரில் நா இல்லை.
என் ஊரில் இருக்கிறது.
இருபத்திரண்டு வருஷமாய் இவர் வீட்டாருக்கு
நான் நாட்றம்பள்ளிக்காரி.
இவர் மட்டும் அப்படிக் கூப்பிட்டதில்லை.
பேர் சொல்லியும் கூப்பிட்டதில்லை.
ஏமே. இதோ. இல்லையென்றால் ஓர் இருமல்.

என்னையா என்று மட்டும் கேட்கவில்லை.
கேட்டால் அதற்கும் நா என்பார்.
எந்த பாஷையில் என்று
யாரைப் போய்க் கேட்பேன்?

பஞ்சை நனைத்து
வெடித்த உதட்டில் வைத்தேன்.
நா வந்தது.
மெதுவாக நக்கிக்கொண்டது.