நிறுத்தம்

நீலத் துணிக் கூடாரத்துக்குள்
நானும் சோணைமுத்துவும்.
துணிக்கு அந்தப் பக்கம்
அவர் மண்டையோட்டில் ஒரு சன்னல் திறந்திருக்கிறது.
சொல்லித்தான் கூட்டி வந்தோம்.
இருந்தாலும் "மேல என்னம்மா நடக்குது" என்கிறார்,
மாடி வீட்டில் யாரோ கட்டிலை இழுப்பதுபோல.

கத்தி என் கையில் இல்லை.
மூன்றாம் வருடத்துக்காரி நான்.
இன்று என் வேலை பேச்சுக் கொடுப்பது.

துளைபோடப் பழகியது முட்டை ஓட்டில்,
உள்சவ்வு கிழியாமல்.
எழுபது முட்டை. விடுதி முழுக்க ஆம்லெட்.
அப்புறம் நெல்பேட்டையில் ஆட்டுத்தலைகள்.
"மூளையோடவா, இல்லாமயா?" என்றார் கடைக்காரர்.
மூளையோடு.
வறுவல் சாப்பிடுவதை நான் விடவில்லை.
விட்டுவிட்டேன் என்று ஒருமுறை பொய் சொல்லியிருக்கிறேன்,
கேட்டவர் முகம் அப்படி இருந்தது.

பெயர் சொல்ல வைக்கும் பட அட்டைகளில்
பனிக்கட்டி வீடு ஒன்று. நரம்பு கட்டிய ஏதோ வாத்தியம்.
"தெரியாதுங்க" என்றார்.
கட்டியால் தெரியாததா,
கருமாத்தூரில் பிறந்ததால் தெரியாததா?
அட்டைகளைக் கவிழ்த்து வைத்தேன்.
"அண்ணே, பெரியார்ல வண்டி எடுத்தாச்சு. சொல்லுங்க."

பத்தொன்பது வருட டவுன் பஸ் தொண்டை:
ஆண்டாள்புரம். பழங்காநத்தம். பைக்காரா.
மேலே ஹசீனா மேடம் கையில் மின்முனை,
மூன்று மில்லி ஆம்பியர்,
இடம் விட்டு இடம் தொட்டுத் தொட்டுப் போகிறது.
பசுமலை. மூலக்கரை. பரங்குன்றம்.
திரும்ப முதலிலிருந்து.
ஆண்டாள்புரம். பழங்காநத்தம். பைக்காரா. ப

வாய் திறந்தபடி. கண் என்மேல்.
உதட்டில் எழுத்து இருக்கிறது,
ஊர் இல்லை.

"நின்னுருச்சு மேடம்."

மின்முனை விலக, "பசுமலை" என்கிறார்,
ஓடிவந்து படியில் தொற்றியவர்போல.
இன்னொரு தரம். அதே இடம். அதே ப.
மூன்றாம் தரமும்.
எள்ளை விடக் கொஞ்சம் பெரிய காகிதத் துண்டு
அங்கே வைக்கப்படுகிறது, எண் நான்கு.
கட்டி அதற்கு அடியிலும் போகிறது.
படத்தில் எல்லோரும் பார்த்ததுதான்.
உறிஞ்சுகுழாயின் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம்.
"இத விட்டுர்றேன்" என்றார் மேடம்,
யாரிடமும் இல்லாமல்.
சுண்டைக்காய் அளவு.

ஐந்து மாதம் கழித்துப் பெரியாரில் ஏறினேன்.
ஓட்டுநராக இருந்திருந்தால் வேலை போயிருக்கும்.
நடத்துனர் என்பதால் அதே பை, அதே விசில்,
காதுக்கு முன்னால் புதிதாக ஒரு கோடு.
என் முகத்தை அவர் முழுதாகப் பார்த்ததில்லை.
"திருநகர்" என்றேன்.
குரலுக்கு நிமிர்ந்தவர், ஒரு கணம் யோசித்து,
பெண்களுக்கான இலவசச் சீட்டைக் கிழித்து நீட்டினார்.

பைக்காரா தாண்டியது.
கம்பியைப் பிடித்திருந்த கை வியர்த்தது.
வாயைத் திறந்தார்.
மூடி, விசிலை எடுத்து ஒரு தரம் ஊதினார்.
வண்டி நின்றது. மூன்று பேர் இறங்கினார்கள்.
அப்புறம்தான், ஏறுகிறவர்களைப் பார்த்து, "பசுமலை" என்றார்.
தினமும் இப்படித்தானா,
தேடி எடுத்ததா?
எனக்குத் தெரியவில்லை.
அடுத்த ஸ்கேன் ஆவணியில்.

இரண்டு விசில்.