கவனத்தில் எடுக்கப்பட்டது

முதலில் ஒரு ரொட்டி அளவுதான் ஈரம்,
குளியலறைக் கூரையில்.
ஹட்டனில் மே மாதம்; எந்தச் சுவர்தான் நனையாது
என்று இருந்துவிட்டேன்.

ரொட்டி குடையானபோது
செயலாளர் சவரிராஜிடம் சொன்னேன்.
"எழுத்தில் தாங்க."
தமிழில் கொடுத்தேன்.
தலைவர் ரத்நாயக்கவுக்கு விளங்காதாம்.
நஸ்லியா டீச்சர் சிங்களத்தில் எழுதித் தந்தார்.
பொருளாளர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்:
ஆங்கிலப் பிரதி இல்லையா?
மூன்றாம் மொழியை முடித்து நிமிர்ந்தால்
ஈரம் கட்டிலுக்கு மேல் வந்து நிற்கிறது.

பென்சிலால் அதன் ஓரம் பிடித்துக் கோடு போடுகிறேன்,
பக்கத்தில் திகதி.
மண்சரிவு வந்த வருசம்
மலையின் வெடிப்புக்கு அதிகாரிகள் அப்படித்தான் செய்தார்கள்.
ஜூன் இரண்டு. ஜூன் பதினொன்று.
முதல் கூட்டத்துக்கு ஆட்கள் போதவில்லை.
இரண்டாவதில் கேற்றுக்கு என்ன நிறம் என்று
ஒன்றரை மணித்தியாலம்.
மூன்றாவதில் என் முறை வந்தது:
குழாய் மேல்வீட்டுடையது,
மேல்வீட்டுக்காரர் கட்டாரில்,
சாவி யாரிடம் என்பது அடுத்த கூட்டத்தில்.
"கவனத்தில் எடுக்கப்பட்டது."

லயத்தில் தகரம் ஒழுகியபோது
அப்பா ஆபீஸ் வாசலில் நின்றுவிட்டு வருவார்.
துரையைத் திட்ட எங்களுக்கு ஒரு துரையாவது இருந்தார்.
இங்கே ஒன்பது பேர்,
ஒன்பது பேரும் என்னைப்போல் கடன் கட்டுகிறவர்கள்.
வீட்டு உறுதி என் அலுமாரியில்.
மற்ற உறுதியை அவர்கள் மாதத்துக்கு ஒன்றாகத் தருகிறார்கள்.

லிப்ட் ஓடாத அந்த இரவு
கூட்டம் முடிந்து படியேறினோம்.
மூன்றாம் மாடியில் சவரிராஜ் மூச்சு வாங்க நின்றார்,
கையில் கோப்பு,
கோப்புக்குள் என் மூன்று மொழிகள்.
"எனக்கும் ஒழுகுது" என்றார்.
எங்கே?
"உங்க குளியலறைக்கு நேர் கீழே.
ரெண்டு வருசமா."
ஏன் எழுதித் தரவில்லை என்று கேட்டேன்.
"யாருக்கு? கடிதம் எனக்குத்தானே வரும்."
சிரிக்கவில்லை அவர்.
நான் சிரித்துவிட்டேன்,
பிறகு அடுத்த மாடி வரை வெட்கமாக இருந்தது.

கதவைத் திறந்தேன்.
கோட்டைத் தாண்டியிருந்தது.
பென்சிலைத் தேடவில்லை.
இருட்டில் வாளியைக் காலால் ஒரு சாண் தள்ளி வைத்தேன்.
கொஞ்சம் பொறுத்து,
தரைக்குக் கீழே
இன்னொரு வாளியின் பிடி
கிணுங்கிற்று.