உள்கால் அளவு

என் அளவு நோட்டுக்கு இரண்டு பக்கமும் முகப்பு.
முன்னாலிருந்து ஆண்கள், பின்னாலிருந்து பெண்கள்.
நான் வைத்த ஏற்பாடு இல்லை;
பூக்காவில் இந்தக் கடையை வாங்கியபோது
மேசையோடும் கத்தரியோடும் சேர்ந்து வந்தது.

பிரெந்த் முதன்முதலாக வந்த நாளில்
எந்தப் பக்கம் திறப்பதென்று விரல் தயங்கியது.
"முன்பக்கம்" என்றார், புகையிலையைச் சுருட்டியபடி.

பதினேழு வயதுவரை பிரெந்தா.
அண்ணன்கள் இருவரும் ஒரே வாரத்தில்
பழிக்குப் பழியாகப் போனபின்
வீட்டில் மிஞ்சியது
துப்பாக்கி மாட்டும் ஆணி.
பன்னிரண்டு ஆண்கள் முன்னால்
எந்நாளும் மணமில்லை என்று சத்தியம்.
பெயரிலிருந்து துணைக்காலை எடுத்துவிட்டு
ஒரு புள்ளி வைத்தார்கள்.
அவ்வளவுதான்.
மலைப்பாதையில் நடந்து போனாள்.
நடந்து வந்தான்.
அதே செருப்பு, அதே மூன்று கல் தொலைவு.

மறுநாள் அப்பா
முதல் கோப்பை ராக்கியை அவனுக்கு ஊற்றினார்.
நேற்றுவரை விருந்தாளிகளின் காலணி கழற்றியவள்
கணப்பருகே காலை அகட்டி உட்கார,
அம்மா எழுந்து நின்றாள்.
பெற்றவள்.
எழுந்து நின்றாள்.

அப்படி உட்கார எத்தனை நாள் பழகினீர்கள்?
குண்டூசியை உதட்டில் கவ்வியபடி ஒருமுறை கேட்டேன்.
"நீ காலை ஒடுக்கி உட்கார
எத்தனை நாள் பழகினாய்?"
எனக்கு ஞாபகமில்லை.
"எனக்கு ஞாபகமிருக்கிறது" என்றார்.
"அதுதான் வித்தியாசம்."

பை மட்டும் ஆழமாக இருக்கவேண்டும் அவருக்கு,
மணிக்கட்டுவரை உள்ளே போகும்படி.
நான் தைத்த பாவாடைகளை எண்ணிப் பார்த்தேன்:
ஒன்றிலும் பை இல்லை. கேட்டவளும் இல்லை.
"பெண் கையில் சாவி தங்காது" என்று
என் வீட்டுக்காரர் சொல்லும்போதெல்லாம்
நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்,
சாவியை மார்புக்குள் செருகிக்கொண்டு.
அன்றிரவு என் பாவாடையில் ஒரு பை வைத்தேன்.
கோணல்தான்.
எனக்காகத் தைக்கும்போது எப்போதும் அவசரம்.

பிறகு ஒரு இலையுதிர்காலத்தில்
என் மகளின் படத்தைக் காட்டினேன்.
அல்புலேனா, பெர்காமோவில் பேருந்து ஓட்டுகிறாள்.
சீருடைக் கால்சட்டை, ஒட்ட வெட்டிய முடி,
உதட்டில் அடர்ந்த சிவப்பு.
வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார்.
"யார் முன்னால் சத்தியம் செய்தாள்?"
"யார் முன்னாலும் இல்லை."
"கல்யாணம்?"
"ஆயிற்று. பையனுக்கு நான்கு வயது."

தையல் இயந்திரத்தின் சக்கரத்தை
நான் சும்மா சுற்றிக்கொண்டிருந்தேன்.
படத்தைத் துணியில் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்.
வெள்ளைத் தொப்பியைக் கழற்றி,
உள்ளே எதையோ தேடுவதுபோல் பார்த்து,
மறுபடி வைத்துக்கொண்டார்.
கூலி கொடுக்காமல் போனார்,
கடன் வைக்காத மனிதர்.

பிப்ரவரியில் இறந்துவிட்டார்.
முற்றத்தில் ஆண்கள் கூடி விவாதித்தார்கள்:
குளிப்பாட்டுவது நாமா, பெண்களா?
மாரில் அறைந்து கத்தும் ஆண்களின் ஒப்பாரியா,
பெண்களின் ஒப்பாரியா?
காப்பி ஆறியது. பாதிரியார் கடிகாரம் பார்த்தார்.
கடைசியில் என்னைக் கூப்பிட்டனுப்பினார்கள்.
"உனக்குத்தான் அந்த உடம்பு தெரியும்."
நாடாவுக்குத் தெரியும் என்றேன்.

வெந்நீர் போதவில்லை.
தோள்பட்டையில் விறகு சுமந்த தழும்பு,
எனக்கு இருக்கும் அதே இடத்தில்.
நான் தைத்த கோட்டையே போட்டுவிட்டேன்,
பித்தானை வலப்பக்கம் வைத்துத் தைத்த கோட்டு.
கால்சட்டைப் பையில் கைவிட்டால்
மணிக்கட்டுவரை போனது:
புகையிலைத் தூள், ஒரு வாதுமைக்கொட்டை,
எட்டாக மடித்த என் ரசீது.

வெளியே இன்னும் முடிவாகவில்லை.
யாரோ தொண்டையைச் செருமுகிறார்கள்.
ரசீதைப் பிரிக்கிறேன், என் கையெழுத்து:
பிரெந்த். இடுப்பு எண்பத்துநான்கு.
உள்கால் எழுபத்தொன்று.
பாக்கி, இருநூறு லெக்.