வினைமுற்று

மார்ச் கடைசி. இருப்புச் சரிபார்ப்பு.
செல்லூர்க் கிளை நூலகத்தில்
நானும் ஒரு மின்விசிறியும்.
அதற்கு மூன்று இறக்கையில் ஒன்று வளைசல்.
பின்னால் பந்தல்குடி வாய்க்கால்:
ஜன்னலைத் திறந்தால் நாற்றம், மூடினால் புழுக்கம்.
இரண்டுக்கும் நடுவே ஒரு செங்கல் வைத்திருக்கிறேன்.

4417.
சிறுவர் நாவல். முன்னட்டை இல்லை.
முதல் எட்டுப் பக்கம் இல்லை,
ஆகவே நாவலுக்குப் பெயர் இல்லை,
எழுதியவருக்கும் இல்லை.
அமுதன் என்றொரு பையன்
கம்பத்திலிருந்து சைக்கிளில் கிளம்புகிறான்,
மதுரைக்கு, யாரிடமும் சொல்லாமல்.
அவ்வளவுதானே என்று
கழிவுக் கட்டில் போடக் கை நீட்டினேன்.

கிளம்புகிறாள் என்று இருந்தது.

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன்.
அச்சில் ன். அதன்மேல் பென்சிலில் ள்.
அழுத்தாத பென்சில். கையெழுத்தும் சுமார்தான்.
அடுத்த வரி: ஏறினாள்.
அடுத்தது: மிதித்தாள்.
ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டினாள்.
உசிலம்பட்டியில் புரோட்டா தின்றாள்.
பஞ்சர் ஒட்டக் காசில்லாமல் நின்றாள்.

நூற்று எண்பத்தாறு பக்கம்.
ஒவ்வொரு வினைமுற்றாக.

எனக்கு இலக்கணம் பன்னிரண்டாம் வகுப்போடு சரி.
இருந்தாலும் எண்ணினேன்,
பக்கத்துக்கு இருபது, இருபத்திரண்டு.
நம் மொழியில் பெயரை மட்டும் மாற்றினால் போதாது,
நடந்தது, உட்கார்ந்தது, தும்மியது என்று
எல்லாவற்றின் வாலையும் பிடித்துத் திருப்ப வேண்டும்.

நானும் அந்த வயதில் செய்ததுண்டு, மனசுக்குள்:
கதையில் வரும் பங்களாக்களை
எங்கள் தறிக் கொட்டகையாக மாற்றிப் படிப்பேன்,
ஊஞ்சலைக் கழற்றிவிட்டு.
பென்சில் எடுக்கத் துணிந்ததில்லை.
பதினேழாம் பக்கத்தில் அரசு முத்திரை இருக்கும்.

அமுதன் அமுதா ஆனது சுலபமாக நடந்திருக்கிறது:
ன் போய், ஒரு துணைக்கால் வந்து நிற்கிறது.
மகனுக்கு மகள்.
தம்பிக்குத் தங்கை; இடம் போதாமல்
‘கை’ மட்டும் ஓரத்துக்கு வந்துவிட்டது.
‘டேய்’ வந்த இடத்தில்தான் திணறல்.
அழித்து அழித்து ஓட்டை விழுந்து
அதன் வழியே மறுபக்கத்து ‘மழை’ தெரிகிறது.

எண்பத்தெட்டாம் பக்கம் மட்டும் அப்படியே.
லாரி ஷெட்டில் நாலு பேர் சுற்றி நிற்க
அடி வாங்கினான். அழுதான்.
சட்டையை உதறிப் போட்டுக்கொண்டான்.
விட்டுப் போனதா, விட்டு வைத்ததா.
இரண்டு முறை படித்தும் தெரியவில்லை.

பின்னட்டையில் தேதிச் சீட்டு.
ஒரே உறுப்பினர் எண் பதினோரு தடவை.
தாமதக் கட்டணம் ஒரு தடவை, இரண்டு ரூபாய்.
பேரேட்டைப் புரட்டினால் கிடைத்துவிடும்,
பூ. வெள்ளைப்பாண்டி என்றோ வேறு என்னவோ,
அப்பா பெயர், பள்ளி, வகுப்பு, தெரு.
புரட்டவில்லை.
அங்கே எழுதியிருக்கும் பெயரை வைத்து
நான் என்ன செய்ய.

கடைசி அத்தியாயம் ஒரு கடிதம்.
மாட்டுத்தாவணியிலிருந்து அம்மாவுக்கு.
நான் வந்து சேர்ந்தேன்.
நான் சாப்பிட்டேன்.
என்னைத் தேட வேண்டாம், நானே எழுதுவேன்.
ஐந்து பக்கம்.
திருத்த ஓர் எழுத்துக்கூட இல்லை.
‘வந்து சேர்ந்தேன்’ கீழே மட்டும் ஒரு கோடு,
அளவுகோல் வைத்துப் போட்டது.

விதிப்படி இது நூலைச் சிதைத்தல்,
விலையில் இரு மடங்கு வசூலிக்க வேண்டும்.
விலை அச்சிட்ட பக்கம்தான் இல்லையே.
‘நிலை’ என்ற கட்டத்தில் ‘நன்று’ என்று எழுதினேன்.
படிவத்தின் அடியில் அச்சடித்த வாசகம்:
மேற்கண்டவற்றை நான் நேரில் கண்டேன்.
கையெழுத்துப் போட்டேன்.

அட்டை போடப் பழைய காலண்டர் தாள் கிடைத்தது.
பசை காயும்வரை பாரம் வேண்டுமே,
செங்கலை எடுத்து மேலே வைத்தேன்.
ஜன்னல் முழுசாகத் திறந்துகொண்டது.
வாய்க்கால் நாற்றம்.
வரட்டும்.